ஸ்கேன் முடிந்த பிறகு சுண்டெலி மூளைக்கு என்ன நடக்கிறது?

2011-இல் டொராண்டோவின் 'சிக்கிட்ஸ்' குழந்தைகள் மருத்துவமனையிலிருந்து ஜேசன் லெர்ச்சும் அவருடைய குழுவினரும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வளர்ந்த சுண்டெலிகளை ஐந்து நாள் நீர்த்தொட்டியில் நீந்தவிட்டுப் பயிற்சி கொடுத்தார்கள். தண்ணீருக்கடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு சின்ன மேடை இருக்கும். சில எலிகள் சுற்றுப்புறத்தைப் பார்த்து, மேடை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு சில எலிகளுக்கு மேடையையே சுட்டிக்காட்டும் அடையாளம் வைக்கப்பட்டது. பயிற்சி முடிந்தபின் எடுத்த எம்ஆர்ஐ படங்களில், இடத்தை நினைவில் வைத்த எலிகளுக்கு ஹிப்போகாம்பஸ் பெருத்திருந்தது. அடையாளத்தைப் பின்தொடர்ந்த எலிகளுக்குப் பெருத்தது ஸ்ட்ரையாட்டம் என்ற வேறு பகுதி.

ஐந்தே நாளில் மூளையின் வடிவம் மாறுகிறது, அதுவும் எதைக் கற்றோமோ அதற்கேற்ற இடத்தில்! படித்ததும் யாருக்கும் எழுகிற அடுத்த கேள்வி: அங்கே பெருத்தது எது? புது நியூரான்கள் பிறந்தனவா? இருந்த செல்களே தடித்தனவா? கிளைகள் முளைத்தனவா? எம்ஆர்ஐ இதற்குப் பதில் சொல்லாது. திசுவை அறுத்து, சாயமேற்றி, நுண்ணோக்கியில் வைத்துத்தான் லெர்ச் குழு பதிலைத் தேடியது. நியூரான்களின் எண்ணிக்கையோ, ஆஸ்ட்ரோசைட்டுகளின் எண்ணிக்கையோ, அவற்றின் பருமனோ அந்த வளர்ச்சியோடு பொருந்தவில்லை. பொருந்தியது ஜிஏபி-43 என்ற புரதம். நரம்புக் கிளைகள் புதிதாக நீளும்போதும் மாற்றியமைக்கப்படும்போதும் மிகுதியாகக் காணப்படுகிற புரதம் அது.

இப்படியொரு விடை கிடைக்க வேண்டுமானால், ஸ்கேனரிலிருந்து வெளியே வந்த மூளை நல்ல நிலையில் நுண்ணோக்கி வரைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆய்வுக் கட்டுரைகள் இந்தப் பயணத்தை 'மூளைகள் சீவப்பட்டுச் சாயமேற்றப்பட்டன' என்று ஒரே வரியில் கடந்துவிடுகின்றன. அந்த ஒரு வரிக்குள் இருப்பது பல வார வேலை. எத்தனையோ ஆய்வுகளின் உண்மையும் பிழையும் அங்கேதான் தீர்மானமாகின்றன. ஆகவே இந்தப் பதிவு முழுக்க அந்த ஒரு வரியைப் பற்றித்தான்.

முதலில் அளவைச் சொல்லிவிடலாம். சுண்டெலியின் மூளை அரை கிராமுக்கும் குறைவு. அதற்குள் ஏறத்தாழ 7 கோடி நியூரான்கள். மருத்துவமனையில் மனிதருக்கு எடுக்கிற எம்ஆர்ஐ படத்தில் ஒரு புள்ளி என்பது சுமார் 1 மில்லிமீட்டர் பக்கமுள்ள கனசதுரம். டொராண்டோவில் சுண்டெலி மூளைக்கு எடுக்கிற படத்தில் அதே புள்ளி 40 மைக்ரான். மருத்துவமனைப் படத்தின் ஒரு புள்ளிக்குள் இவற்றில் 15,625 அடங்கும். இவ்வளவு நுணுக்கம் உயிருள்ள எலியில் கிடைப்பது கடினம். மூச்சு விடும், அசையும், மயக்கத்தில் வெகுநேரம் வைத்திருக்கவும் முடியாது. அதனால் இறந்தபின் பதப்படுத்திய மூளையை, 7 டெஸ்லா காந்தத்துக்குள் இரவு முழுக்க, ஏறக்குறைய 14 மணி நேரம் வைத்துப் படமெடுக்கிறார்கள். ஒரே நேரத்தில் 16 மூளைகளைப் படமெடுக்கும் சுருள் அமைப்பையும் அந்தக் குழுவே உருவாக்கியது.

இனி வேலைக்கு வருவோம். ஸ்கேனுக்குப் பிந்தைய திசு வேலை, உண்மையில் ஸ்கேனுக்கு முன்பே, எலியின் இதயத்தில் ஊசி ஏறும்போதே தொடங்கிவிடுகிறது.

இதைப் பெர்ஃப்யூஷன் என்பார்கள். எலியை ஆழ்ந்த மயக்கத்தில் ஆழ்த்தி, மார்பைத் திறந்து, இதயத்தின் இடது கீழறையில் ஊசியைச் செலுத்தி, வலது மேலறையில் சின்ன வெட்டு போடுவார்கள். ஊசி வழியே ஹெப்பாரின் கலந்த உப்புக் கரைசல் உள்ளே போகும். வெட்டு வழியே ரத்தம் வெளியேறும். கல்லீரல் சிவப்பு மாறி வெளுத்தால் ரத்தம் போய்விட்டது என்று பொருள். அடுத்து அதே வழியில் 4 சதவீதப் பாராஃபார்மால்டிஹைடு. அது தசைகளைத் தொட்டதும் உடல் துடித்து, வால் விறைக்கும். முதல்முறை பார்க்கிற மாணவர்கள் எலி விழித்துவிட்டதோ என்று பதறுவார்கள். ரசாயனம் தசையில் ஏற்படுத்தும் சுருக்கம் அது. ஆனாலும் கரைசலைத் திறப்பதற்கு முன்பே, எலிக்கு எதுவும் உறைக்காத அளவு மயக்கம் இருக்கிறதா என்று பாதத்தைக் கிள்ளிப் பார்ப்பது செய்பவரின் கடமை. அதில் எந்த அவசரமும் கூடாது.

ரத்தத்தை ஏன் இவ்வளவு கவனமாக வெளியேற்ற வேண்டும்? எம்ஆர்ஐ ஆளைக் கேட்டால் ஒரு காரணம் சொல்வார். ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தைக் குலைக்கும், ரத்தக்குழாய்கள் நெடுகக் கறுப்புக் கறை விழும். ஸ்லைடு பார்ப்பவரைக் கேட்டால் வேறு காரணம். சிவப்பணுக்களில் பெராக்ஸிடேஸ் செயல்பாடு இருப்பதால், பழுப்பு நிறம் தரும் வழக்கமான எதிர்ப்புரதச் சாயத்தில் அவையும் நிறமேறி நிற்கும். ஒளிரும் சாயத்திலோ தாமாகவே மினுங்கும். இரு தரப்புக்கும் வேண்டியது ஒன்றே: சுத்தமாகக் கழுவிய குழாய்கள். ஆனால் பம்பின் வேகத்தைக் கூட்டிச் சீக்கிரம் முடிக்க நினைத்தால் நுண்குழாய்கள் கிழியும். பிறகு ஸ்கேனில் தெரிவது நோயின் அடையாளமா, பம்பின் வேலையா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஃபார்மால்டிஹைடு திசுவைக் கெட்டியாக்கும் என்பதை 1893-இல் கவனித்தவர் ஃபிராங்க்ஃபர்ட்டின் ஃபெர்டினாண்ட் பிளம். கிருமிநாசினியாகச் சோதித்துக்கொண்டிருந்தபோது தன் விரல்களின் தோல் விறைத்திருப்பதைக் கண்டார். கெட்டித் தயிர்போல இருக்கிற மூளையைக் கத்தியால் சீவக்கூடிய பொருளாக மாற்றுவது அதுதான். புரதங்களுக்கிடையே குறுக்குப் பாலங்கள் போட்டு இதைச் செய்கிறது. அதே பாலங்கள்தாம் பின்னால் தொல்லையும் தருகின்றன. எதிர்ப்புரதம் போய் ஒட்ட வேண்டிய இடத்தை அவை மறைத்துவிடும். ஃபார்மலினில் மாதக்கணக்கில் ஊறிய மூளை ஸ்கேனுக்கு அசையாமல் கிடக்கும், சாயத்துக்கோ முகம் கொடுக்காது. 1991-இல் ஷி, கீ, கால்ரா மூவரும் ஸ்லைடுகளைக் கரைசலில் கொதிக்கவைத்து மறைந்த புரதங்களை மீட்கும் வழியைக் காட்டினார்கள். இன்று பி.ஹெச் 6 சிட்ரேட் கரைசலில் சூடாக்குவது ஆய்வகங்களில் அன்றாடப் பழக்கம். ஆனாலும் மீட்பதைவிட மறையாமல் பார்த்துக்கொள்வது மேல்.

அதனால்தான் ஓரிரவு மட்டும் 4 டிகிரி குளிரில் ஃபார்மால்டிஹைடில் வைத்துவிட்டு, பாஸ்பேட் உப்புக் கரைசலுக்கு மாற்றிவிடுகிறார்கள். இந்த மாற்றம் ஸ்கேனுக்கும் நல்லது. திசுவுக்குள் தங்கிய ஃபார்மால்டிஹைடு எம்ஆர்ஐ சமிக்ஞையைச் சீக்கிரம் மங்கச் செய்யும், கரைசலில் ஊறவைத்தால் அந்தச் சமிக்ஞை பெருமளவு மீளும். டொராண்டோ முறையில் பெர்ஃப்யூஷன் கரைசலிலேயே 2 மில்லிமோலார் அளவு கடோலினியம் மருந்தையும் கலந்துவிடுகிறார்கள். ஊறவைக்கும் கரைசலிலும் அதே அளவு உண்டு. திசுவுக்குள் இருக்கும் நீர் காந்தத்தில் விரைவாக இயல்புக்குத் திரும்ப இது உதவும், படமெடுக்கும் நேரமும் குறையும். இந்தச் சிறு மூலக்கூறு புரதங்களோடு பிணைவதில்லை. ஸ்கேனுக்குப் பிறகு புதுக் கரைசலில் மாற்றி மாற்றிக் கழுவினால் போய்விடும்.

கரைசலில் பூஞ்சை பிடிக்காமலிருக்க 0.02 சதவீதம் சோடியம் அசைடு சேர்ப்பார்கள். இதைப் பற்றிப் புதிதாக வருபவர்களிடம் யாரும் போதுமான அளவு சொல்வதில்லை. அசைடு நஞ்சு. அமிலத்தோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும். செம்பு, ஈயக் குழாய்களில் ஊற்றிக்கொண்டே இருந்தால் வெடிக்கக்கூடிய உப்புகள் படியும். சாயமேற்றுபவருக்கும் ஓர் எச்சரிக்கை: பெராக்ஸிடேஸ் என்சைமை அசைடு முடக்கிவிடும். கழுவாமல் விட்டால் பழுப்பு நிறமே வராது. எதிர்ப்புரதம் கெட்டுவிட்டதென்று புதுப் பாட்டில் வாங்குவதற்கு முன், மூளை எந்தக் கரைசலில் கிடந்தது என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.

இன்னொரு செய்தியும் இதே டொராண்டோவிலிருந்து. பெர்ஃப்யூஷனுக்குப் பிறகு எத்தனை காலம் எந்தக் கரைசலில் மூளை கிடந்தது என்பதைப் பொறுத்து, எம்ஆர்ஐயில் அளக்கும் கன அளவுகளே மாறுகின்றன என்று 2016-இல் அங்கிருந்து ஓர் ஆய்வு வந்தது. நோயுள்ள எலிகளை ஜனவரியிலும் நோயற்ற எலிகளை மார்ச்சிலும் பதப்படுத்தி, எல்லாவற்றையும் ஏப்ரலில் ஸ்கேன் செய்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கரைசலில் கிடந்த கால வேறுபாடு நோயின் வேறுபாடாகத் தெரியும். அந்த ஆய்வகம் கடோலினியம் கலந்த கரைசலில் குறைந்தது ஒரு மாதம் வைத்த பிறகே ஸ்கேன் செய்யும் வழக்கத்தைக் கடைப்பிடிக்கிறது.

மண்டையோட்டை எப்போது எடுப்பது? ஸ்கேன் முடியும்வரை எடுக்கவே கூடாது என்பதுதான் அனுபவப்பட்ட ஆய்வகங்களின் பழக்கம். தோல், காது, கீழ்த்தாடை மட்டும் போகும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மோப்பக் குமிழ்களும், சிறுமூளையின் பக்கவாட்டில் எலும்புக் குழிக்குள் புதைந்திருக்கும் பாராஃப்ளாகுலஸும் ஓட்டை உடைக்கும்போது எளிதில் பிய்ந்துபோகும். ஓட்டுக்குள் இருக்கும்போது மூளை தன் உருவத்தில் இருக்கிறது. அந்த உருவம் எம்ஆர்ஐயில் ஒருமுறை பதிவாகிவிட்டால், பின்னால் திசு சுருங்கினாலும் கோணினாலும் எங்கே கோணியது என்று கணக்குப் பார்க்க ஆதாரம் கையில் இருக்கும்.

ஸ்கேனருக்குள் போகும்போது மூளையை ஃபோம்ப்ளின் என்ற எண்ணெயில் அமிழ்த்துகிறார்கள். ஃப்ளூரின் நிறைந்த அந்த எண்ணெயில் ஹைட்ரஜனே இல்லை. எம்ஆர்ஐ ஹைட்ரஜனைத்தான் பார்க்கும், ஆகவே பின்னணி முழு இருட்டாகிவிடும். காற்றுக் குமிழி ஒன்றே ஒன்று ஒட்டிக்கொண்டாலும் அதைச் சுற்றிப் படம் கறுத்து நெளியும் என்பதால், குழாயை வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை உறிஞ்சி எடுப்பார்கள்.

ஸ்கேன் முடிந்தது. எண்ணெய் நீரோடு கலக்காது, எனவே ஒற்றி எடுத்து, கரைசலில் நன்றாக அலசுவார்கள். அடுத்து ஓட்டைத் திறக்க வேண்டும். முதுகுத்தண்டு நுழையும் பெருந்துளையிலிருந்து நுண்கத்தரியை விட்டு, முனையை எலும்போடு ஒட்டி மேல்நோக்கியே வைத்து, நடுக்கோட்டில் வெட்டிக்கொண்டு போவார்கள். எலும்பை இடுக்கியால் இருபுறமும் சிறுசிறு துண்டாகப் பெயர்ப்பார்கள். எலும்பு வந்துவிட்டதே என்று மூளையைத் தூக்கிவிடக் கூடாது. டியூரா என்ற கடினச் சவ்வு இன்னும் போர்த்தியிருக்கும். அது இழுபட்டால் புறணியில் கத்தி இறங்கியதுபோல் கீறல் விழும். சவ்வை முதலில் நீக்கி, அடியில் பார்வை நரம்புகளையும் முக்கிளை நரம்புகளையும் வெட்டிய பிறகுதான் மூளை தானாகக் கைக்கு வரும்.

எப்படிச் சீவுவது என்பது, என்ன கேள்வி என்பதைப் பொறுத்தது. பாரஃபின் மெழுகில் பதித்தால் 5 மைக்ரான் மெல்லிய சீவல்கள் அழகாக வரும். ஆனால் ஆல்கஹாலும் சைலீனும் கொழுப்பைக் கரைக்கும், திசு கணிசமாகச் சுருங்கும். எம்ஆர்ஐ படத்தோடு புள்ளிக்குப் புள்ளி ஒப்பிட விரும்புகிறவர்கள் பெரும்பாலும் உறையவைத்து 40 மைக்ரான் கனத்தில் சீவுவதையே தேர்ந்தெடுக்கிறார்கள். 12 மில்லிமீட்டர் நீளத்துக்கு 300 சீவல்கள். உறையும்போது திசுநீர் பனிப்படிகமாகிச் செல்களைக் கிழிக்காமலிருக்க, முதலில் 30 சதவீதச் சர்க்கரைக் கரைசலில் போடுவார்கள். மூளை மிதக்கும். சர்க்கரை உள்ளே ஏற ஏறக் கனத்து, இரண்டு மூன்று நாளில் அடியில் போய் உட்காரும். அதற்குமுன் எடுத்து உறையவைத்தால் சீவல் முழுக்க ஓட்டைகள். பிரியான் நோய் ஆய்வில் மூளையில் விழும் நுண்துளைகளே நோயின் அடையாளம் என்பதால், பனி போட்ட ஓட்டை அங்கே நேரடியாகத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும்.

அடுத்து வருவதுதான் பலரும் வழுக்கி விழும் இடம்: சீவும் கோணம். எம்ஆர்ஐ படத்தைக் கணினியில் எந்தப் பக்கமும் திருப்பிப் பார்க்கலாம். திசுவைச் சீவியபின் திருப்ப முடியாது. சுண்டெலி மூளையின் அகலம் சுமார் 10 மில்லிமீட்டர். கத்தி 5 டிகிரி சாய்ந்தால் இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் முன்பின் வித்தியாசம் வந்துவிடும். ஒரு பக்கம் ஹிப்போகாம்பஸின் முன்பகுதியும் மறுபக்கம் வெகுதூரம் பின்தள்ளிய பகுதியும் ஒரே சீவலில் நிற்கும். இரண்டையும் ஒப்பிட்டு 'வலப்பக்கத்தில் செல்கள் குறைவு' என்று எழுதிவிடுவது எவ்வளவு எளிது! இதற்கு ஒரு நல்ல தீர்வை அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கண்டார்கள். மர்மோசெட் குரங்கின் எம்ஆர்ஐ படத்தை வைத்து, அந்தக் குரங்கின் மூளைக்கே அச்சாகப் பொருந்தும் வெட்டுப்பெட்டியை முப்பரிமாண அச்சில் வார்த்தார்கள். பெட்டியின் காடிகள் ஸ்கேன் அடுக்குகளின் திசையிலேயே அமைந்திருக்கும். இந்த யோசனை சுண்டெலிக்கும் அப்படியே செல்லும். ஸ்கேன் கையில் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் கண்ணளவில் வெட்டுவதற்குக் காரணமே இல்லை.

சாயங்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் தனிப் பதிவு வேண்டும். செல்களை எண்ண நிஸ்ஸல் சாயம், மயலின் உறைக்கு 1953-இல் க்ளூவரும் பரேராவும் தந்த லக்ஸால் நீலம், இரும்புக்கு 1867-இல் பெர்ல்ஸ் காட்டிய பிரஷ்யன் நீலம். எது வேண்டும் என்பதை எம்ஆர்ஐ படத்தில் எழுந்த சந்தேகமே தீர்மானிக்கும். 0.2 சதவீதம் கூப்ரிஸோன் கலந்த தீவனத்தை ஐந்தாறு வாரம் தின்ற எலிகளுக்கு, மூளையின் இரு பாதிகளை இணைக்கும் கார்ப்பஸ் கலோஸத்தில் மயலின் உரிந்துபோகும், ஸ்கேனில் அங்கே நிறம் மாறும். ஆனால் அதே இடத்தில் அழற்சி செல்களும் குவிகின்றன. எம்ஆர்ஐ மாற்றத்தில் மயலினின் பங்கு எவ்வளவு, அழற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்ட, அதே இடத்தின் சீவலில் இரண்டு சாயங்களும் வேண்டும்.

ஒரே மாதிரிப் படத்துக்குப் பின்னால் வேறு காரணங்கள் இருக்கலாம் என்பதற்குத் தெளிவான சாட்சி 2009-இல் பென்சில்வேனியாவின் ஹெர்ஷியிலிருந்து வந்தது. மெடோகிராஃப்ட்டும் உடன் ஆய்ந்தவர்களும் அல்சைமர் நோயாளிகளின் மூளைச் சீவல்களையும், அந்நோயின் அமிலாய்டு படிவுகள் உண்டாகும்படி மரபணு மாற்றிய சுண்டெலிகளின் சீவல்களையும், மெல்லிய சீவலையே ஸ்கேன் செய்யும் தனிச் சுருளில் வைத்துப் படமெடுத்தார்கள். அதே சீவலுக்குப் பிறகு சாயமும் ஏற்றினார்கள். இரண்டிலும் படிவுகள் இருந்த இடம் கறுத்தது. மனிதத் திசுவில் படிவோடு சேர்ந்த இரும்பு முக்கியக் காரணம். எலியில் இரும்பு குறைவாக இருந்தும் கறுத்தது. அங்கே படிவின் அடர்த்தியும் அமைப்புமே பெரும்பங்கு வகித்தன. எலியின் ஸ்கேனைப் பார்த்து மனிதரின் ஸ்கேனுக்கு நேரடியாகப் பொருள் சொல்லியிருந்தால் தவறாகியிருக்கும். இந்த வேலைக்கு இரும்பு திசுவில் தங்கியிருப்பது அவசியம். அமிலமேறிய பழைய ஃபார்மலினில் நெடுநாள் கிடந்தால் அது கசிந்துபோகும். மறுபடியும் கரைசல் பாட்டிலிடம்தான் வந்து நிற்கிறோம்.

மூளையைச் சீவாமலே கண்ணாடிபோல் தெளியவைக்கும் முறைகளும் வந்துவிட்டன. 2013-இல் ஸ்டான்ஃபோர்டில் சுங்கும் டைஸராத்தும் வெளியிட்ட கிளாரிட்டி அவற்றில் புகழ்பெற்றது. கொழுப்பை வெளியேற்றினால் ஒளி தடையின்றி ஊடுருவும். ஆனால் 2017-இல் அதே பல்கலைக்கழகத்தில் லாய்ஸே குழு, இப்படிக் கொழுப்பை நீக்கிய மூளையை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தபோது வெண்பொருளுக்கும் சாம்பல்பொருளுக்கும் இடையிலான வேறுபாடே அழிந்திருந்தது. எம்ஆர்ஐ காட்டும் வேறுபாட்டுக்கு மூலம் கொழுப்பு என்பதை அது நிறுவியது, வேலையின் வரிசையையும் நிர்ணயித்துவிட்டது: ஸ்கேன் முதலில், தெளியவைப்பது பிறகு. 2023-இல் டியூக் பல்கலைக்கழகத்தில் ஆலன் ஜான்சன் குழு இந்த வரிசையில்தான் போனது. ஓட்டுக்குள் வைத்தே 9.4 டெஸ்லாவில் 15 மைக்ரான் நுணுக்கத்தில் படம். பிறகு மூளையை வெளியே எடுத்து, தெளியவைத்து, ஒளித்தகடு நுண்ணோக்கியில் முழுசாகப் படம். தெளியவைக்கும்போது வந்த உருமாற்றத்தை எம்ஆர்ஐ உருவத்தை ஆதாரமாக வைத்துத் திருத்தினார்கள்.

நம் பக்கத்திலும் இதன் உறவு உண்டு. சுண்டெலி மூளை முழுவதையும் 20 மைக்ரான் சீவல்களாக, ஒட்டுநாடாவில் ஏந்தி, கிழியாமல் ஸ்லைடுக்கு மாற்றும் முறையை அமெரிக்காவின் கோல்டு ஸ்பிரிங் ஹார்பரில் பார்த்தா மித்ரா குழு பெரிய அளவில் செய்துவந்தது. அவர் இணைந்து பணியாற்றும் சென்னை ஐஐடியின் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை மையத்தில் அந்த அனுபவம் மனித மூளைக்கு விரிந்தது. கருவிலிருக்கும் சிசு மூளையின் 5,132 சீவல்களைக் கொண்ட 'தரணி' தொகுப்பு 2024-இல் அங்கிருந்துதான் வெளியானது.

கடைசியாக, சேமிப்பு. 300 சீவல்களையும் ஒரே நாளில் சாயமேற்றத் தேவையில்லை. எத்திலீன் கிளைக்காலும் சர்க்கரையும் கலந்த உறையாக் கரைசலில், வரிசை மாறாமல் குழித்தட்டுகளில் போட்டு, மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் நெடுங்காலம் இருக்கும். ஒரே எலியிலிருந்து ஸ்கேனும் சாயமும், பின்னொரு நாள் வேறொருவரின் கேள்விக்கு மீதிச் சீவல்களும் கிடைக்கும்போது, இன்னோர் எலியைக் கொல்ல வேண்டிய தேவை குறைகிறது. 1959-இல் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்த விலங்காய்வு நெறிகளில் எண்ணிக்கையைக் குறைப்பதும் ஒன்று. அதற்கு அந்தத் தட்டு பத்து வருடம் கழித்தும் பேசக்கூடியதாக இருக்க வேண்டும். கரைசலில் மிதக்கும் சீவல் தலைகீழாகப் புரண்டுவிட்டால் இடது எது, வலது எது என்று தெரியாது. சீவுவதற்கு முன்பே வலப்பக்கப் புறணியில் ஆய்வுக்கு வேண்டாத இடமாகப் பார்த்து மெல்லிய ஊசியால் முன்னிருந்து பின்னாக ஒரு துளை இட்டுவிட்டால் ஒவ்வொரு சீவலிலும் அடையாளம் இருக்கும். தட்டின் மேல் எலியின் எண்ணோடு பெர்ஃப்யூஷன் தேதி, கரைசல் மாற்றிய தேதி, ஸ்கேன் கோப்பின் பெயர், முதல் குழியிலுள்ள சீவல் ஸ்கேனின் எத்தனையாவது அடுக்கு, துளை எந்தப் பக்கம் என்பதையும் ஆல்கஹாலில் அழியாத பேனாவால் எழுதிவைக்க வேண்டும்.